நீர்க்காகத்தின் கம்பிக் கால்கள்

போன கிழமை எனக்குப் பல்லுக் கட்டினார்கள். கதிரையில் வாயைப் பிளந்தபடி சாய்ந்திருந்தபோது உள்ளறையில் யாரோ அந்தத் திரவப் போத்தலைத் திறந்தார்கள். பொடியோடு குழைத்துப் பொய்ப்பல்லுக்கு முரசு, அதுதான் ஈறு, செய்கிற அந்தத் திரவம். அதன் நெடி நேரே மூக்கின் உச்சியில் ஏறி உட்கார்ந்தது. உன் சட்டையில், உன் தலைமயிரில், நீ நீட்டுகிற தேத்தண்ணிக் கோப்பையில்கூட இருந்த நெடி அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன ஐயா, நோகுதோ?" என்று கேட்டார் வைத்தியர். ஓம் என்று தலையாட்டினேன். பொய் சொல்வதில் நான் பழையவன் என்பது உன்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு இந்த ஊரில் என்னை "டேய்" என்று கூப்பிட ஆளில்லை. ஞாயிறு பின்னேரம் வந்தால் எங்கே போவதென்று தெரியாமல் வாசல் படலைவரை போய்த் திரும்பி வருகிறேன்.

அந்த ஞாயிறுகளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ நகரத்துப் பல் வைத்தியர் ஒருவரின் பின்னறையில் பொய்ப்பல் செய்கிறவன். நான் துறைமுகப் பக்கத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். ஒரே வகுப்பில் படித்து, ஒரே ஊரில் நரைக்கத் தொடங்கியிருந்தோம். சண்டையால் பொழுது சாயுமுன் கடைகள் பூட்டிவிடும் காலம். தலைக்கு மேலே பொம்பர் விமானம் போனால் நாய்கள்கூடக் கட்டிலுக்குக் கீழே ஒளிந்த காலம். அந்தக் காலத்தில்தான் உனக்கு விமானம் செய்கிற ஆசை வந்தது! வீட்டில் ஒரு விமானப் படம் இருந்தாலே வில்லங்கம் என்று நான் சத்தம் போட்டேன். நீ அரத்தைத் துடைத்துக்கொண்டே, "இருக்கிற பிளேனைச் செய்தால்தானே மச்சான் பிழை? இல்லாத ஒண்டைச் செய்வம். ஆருக்கு என்ன?" என்றாய். அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகத்தான் எனக்கும் பட்டது.

அப்படித்தான் நீர்க்காகம் பிறந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் எங்கள் திருகோணமலைக்கென்று சொந்தமாக ஒரு கடல்விமானம் இருந்ததாம். சண்டைக்கல்ல, சனங்களை ஏற்றி இறக்க. குண்டு விழுந்த அன்று பதினொரு பிள்ளைத்தாய்ச்சிகளை வடக்கே திரியாய்க் கிராமத்துக்குக் கொண்டுபோய் இறக்கியதாம். நீ வாயால் சொல்லச் சொல்ல, கந்தோரில் பழகிய கையெழுத்தில் நான் கொப்பியில் பதிந்தேன். புறப்பட்ட நேரம், ஏற்றியது, இறக்கிய இடம் என்று கோடு போட்டு, பக்கம் பக்கமாக.

ஓர் அங்குலத்துக்கு ஆறடி என்று அளவு வைத்தாய். இறகு அரை நூல் கூடிவிட்டதென்று ஒரு பின்னேரம் முழுக்க உரஞ்சினாய். "இல்லாத பிளேனுக்கு என்னடா அளவு?" என்று சிரித்தேன். "இல்லாததுக்குத்தான் அளவு சரியா இருக்கவேணும். இல்லாட்டிப் பொய் எண்டு தெரிஞ்சிடும்" என்றாய். உடம்புக்கு வேலி முள்முருக்குக் கட்டை, இறகுக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை. மிதவைகளைத் தாங்கும் இரண்டு கால்களை மட்டும், பொய்ப்பல்லுக்குக் கொக்கி வளைக்கிற கம்பியில் வளைத்தாய். விமானியை முரசுப் பொடியில் செய்ததால் அவர் இளஞ்சிவப்பாக இருந்தார். "ஆள் நல்ல வடிவு, பல்லுத்தான் இல்லை" என்றாள் உன் மனைவி. மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

வர்ண மை பூச விமானத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொப்பி உன்னிடம் இருந்தது. அந்தக் கிழமைதான் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தது.

கொப்பியை எடுத்துவிட்டார்கள். குடா, எண்ணெய்த் தாங்கி, புறப்பட்ட நேரம், பதினொரு பேர் என்று எழுதியிருந்தால் யார்தான் அதை வேவுக் குறிப்பல்ல, கதை என்று நம்புவார்கள்? "யாருடைய எழுத்து?" என்று கேட்டார்களாம். "என்னுடையது" என்றாயாம். அன்று காலையிலேயே உன்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

செய்தி வந்ததும் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? நீர்க்காகத்தைப் பின்வளவு வாழையடிக்குக் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். முள்முருக்கு நன்றாகப் பற்றும். ஆறு மாத வேலை, ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரத்தில் முடிந்தது. நான் பயந்தவன். அதை அலங்கரித்துச் சொல்ல எனக்கு வேறு சொல் இல்லை.

மூன்றாம் நாள் உன் மனைவி வந்தாள். அழவில்லை. "அண்ணை, அந்தப் பிளேனை முகாமுக்குக் கொண்டுபோய்க் காட்டுவம். கண்டால் விளையாட்டுச் சாமான் எண்டு விளங்கும்தானே. நானும் வாறன்" என்றாள். அவளுக்கு வந்த அந்த யோசனை எனக்கு வரவேயில்லை. உன்னை மீட்கக்கூடிய ஒரே சாமானை நான் என் கையாலேயே கொளுத்தியிருந்தேன். "நேற்று ஆமி வந்து அதையும் கொண்டுபோட்டுது, தங்கச்சி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பதாம் நாள் உன் பல் வைத்தியர் தானே முகாமுக்குப் போய்க் கதைத்து உன்னைக் கூட்டிவந்தார். வலது காது கேட்காமல் வந்தாய். என்னைக் கண்டதும், "எங்கயடா எங்கட ஆள்?" என்று நீர்க்காகத்தைக் கேட்டாய். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொன்னேன். நீ நிலத்தைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம்! நாம் வேறு விமானம் செய்யவில்லை. ஆனால் நீ கதையை விடவில்லை. "எங்கட ஆள் இப்ப எந்த முகாமில நிக்குதோ. சாப்பாடு குடுக்கிறாங்களோ என்னவோ" என்பாய். "ஒரு நாள் விடுவினம் மச்சான். என்னை விட்டவைதானே" என்பாய். ஒவ்வொரு முறையும் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஒரே ஒரு முறை சொன்னேன். டச்சுக்குடாக் கடற்கரையில், காற்று மண்ணை வாரி அடித்த ஒரு பின்னேரம். உன் வலப்பக்கம், கேளாத காதுப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். "மச்சான், அதை ஆமி கொண்டுபோகேல்லை. நான்தான் எரிச்சனான்" என்றேன். நீ கடலையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இண்டைக்குக் காத்துக் கூட. எழும்பு, போவம்" என்றாய். எழும்பும்போது என் தோளைப் பிடித்துத்தான் எழும்பினாய். உனக்குக் கேட்கவில்லை என்று நிம்மதிப்பட்டேன். கேட்கவில்லையே என்று துக்கமும் பட்டேன்.

நீ செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவு முடிந்து ஆட்கள் போனபிறகு, உன் மனைவி ஒரு சின்னத் தகர டப்பாவைக் கொண்டுவந்து தந்தாள். உள்ளே பஞ்சில் சுற்றி, நெருப்பில் கறுத்த இரண்டு கம்பிக் கால்கள். உன் கை வளைவை எனக்கு அடையாளம் தெரியாதா?

"முகாமால விட்டு வந்த அடுத்த ஞாயிறு உங்கட வீட்டுக்கு வந்தவர்தானே அண்ணை. கிணத்தடியில முகம் கழுவப்போன இடத்தில, வாழையடிச் சாம்பலுக்குள்ள கண்டவராம். 'அவனுக்குச் சொல்லாத, பாவம், பயந்திட்டான்' எண்டவர்" என்றாள்.

அப்படியென்றால் அந்த முகாம் கதையெல்லாம் எனக்காகத்தான். என் பொய் தனியே நிற்கக்கூடாதென்று, அதற்கும் சரியான அளவில் ஒரு சரித்திரம் செய்து தந்திருக்கிறாய். இத்தனை வருஷமும் அவளும் அதைத் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அன்று வீடுவரை நடந்து வந்தது எப்படி என்று எனக்கு நினைவில்லை.

இப்போது என் வாயிலும் அதே மாதிரிக் கம்பிக் கொக்கி இருக்கிறது. நாக்கு ஓயாமல் அதைத் தடவிப் பார்க்கிறது. வைத்தியர் பழகிவிடும் என்கிறார்.

இன்று ஞாயிறு. புதுக் கொப்பி ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். பழையபடி பதிகிறேன். நீர்க்காகம் எந்த முகாமிலும் இல்லை. ஏற்றியது: ஒருவருமில்லை. இறக்கிய இடம்: என் வீட்டு வாழையடி. எரித்தவன் நான்.

கம்பிக் கால்கள் இரண்டும் மேசையில் இருக்கின்றன. பக்கத்தில் உன் கதிரையைப் போட்டிருக்கிறேன். இந்த முறை, மச்சான், இடப்பக்கமாக உட்கார்ந்துதான் வாசிக்கிறேன்.