மாவுப் பாக்கெட்டுக்குக் காய்ச்சல்

திருவொற்றியூர்
ஆயுத பூஜைக்கு மறுவாரம்

அன்பு மகள் மாயாவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் குரல் உட்பட இங்கே எல்லாம் நன்றாகவே இருக்கிறது, மலாவியில் நீயும் உன் ஆஸ்பத்திரிக் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா பிடுங்கிக்கொள்வார், அதனால் எழுதி, அவர் உனக்கு அனுப்பும் சாமான் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன், கப்பலில் உன்னிடம் வந்து சேரும். பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கும் விலை உயர்ந்த வார்மர் ஒரு பல்பு கிடைக்காமல் துணி காயப்போடும் ஸ்டாண்டாக நிற்கிறது, மிச்சமிருக்கும் ஒன்றின் கீழே குறைமாதக் குழந்தைகள் நெருக்கிப் படுத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ அனுப்பிய படத்தைப் பார்த்து, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிற சாமானாகப் போட்டு, நம் பட்டறையில் ஆறு வார்மர் செய்துவிட்டார். தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "எம்பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போவுது, பாத்துக்கினு போ" என்கிறார். பால்காரர் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார்.

இதற்குள் ஆயுத பூஜை வந்தது. அப்பா பொட்டு வைக்காத சாமான் உண்டா? லேத்து முதல் டீ கிளாஸ் வரைக்கும் சந்தனம், குங்குமம். குழந்தையின் வயிற்றில் ஒட்டிச் சூடு பார்க்கும் சென்சார் பொத்தான் நெற்றி மாதிரிப் பளபளவென்று இருந்ததாம், ஒரு வார்மரில் அதன் மேலேயே தடிமனாக அப்பிவிட்டார். மறுநாள் சோதனை. குழந்தைக்குப் பதிலாக இட்லி மாவுப் பாக்கெட்டைப் படுக்க வைத்துப் பார்ப்பதுதான் இந்த வேலை தொடங்கியதிலிருந்து நம் பட்டறை வழக்கம், குறைமாதக் குழந்தையின் எடையும் அதன் எடையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஐந்து பாக்கெட்டும் கொஞ்சம் பொங்கியதோடு சமர்த்தாகக் கிடந்தன. ஆறாவது வெடித்து மெத்தையெல்லாம் வழிந்து, மேல்பக்கம் வெந்தும் விட்டது. திரை மட்டும் சூடு இன்னும் போதவில்லை என்று காட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் சாமானைச் சோதித்துப் பார்க்கும் மோகனப்ரியா, "இன்னா நைனா, வார்மர் கேட்டா இட்லி குண்டான் செஞ்சி வச்சிகீற" என்றாள், பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா, "சாமி கும்புட்டது ஒரு குத்தமா" என்று எகிறினார். அவள் பொத்தானில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டி அவர் கையில் வைத்து, இது மறைத்ததால் மெஷினுக்குச் சூடே தெரியவில்லை, ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது என்றாள். அப்பா அந்த மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாக்கெட்டு எடத்துல புள்ள இருந்தா" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. சிரித்தவர்களெல்லாம் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

துறைமுகத்துக்கு ஏற்ற வந்த லாரியை அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். ஆறுக்கும் பொத்தானைப் புதிதாக மாற்றி, மறுபடி மறுபடி மாவு வைத்துப் பார்த்தார். அன்றிலிருந்து நம் வீட்டில் இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம்தான், உன் தம்பி நிலவன் சோறு கேட்டு மாத்தூர் அத்தை வீட்டுக்கே போய்விட்டான். இப்போது பொட்டு வார்மரின் சக்கரத்தில் மட்டும் இருக்கிறது, அதைத் துடைக்காதே, அதற்கு மேல் அவரோடு என்னால் மல்லுக்கட்ட முடியாது.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீயும் உன் கைக்கு வரும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். முக்கியமான ஒன்று, மறக்காதே. தெருவெல்லாம் பீற்றிக்கொண்ட மனுஷர், பெட்டிக்கு ஆணி அடிக்கும் முன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்லி எழுதச் சொன்னது இது: "அப்பன் செஞ்சதாச்சேன்னு வுட்டுறாதே. ஒவ்வொண்ணையும் நீ ஒருவாட்டி பாத்துட்டு, அப்பால புள்ளைய படுக்க வை."

இப்படிக்கு,
உன் அம்மா ராஜாத்தி