கோமுவின் பதில்

செவ்வாய்க் கோள், வடசமவெளி முகாம். மருத்துவர் ஜெபக்கனியின் குறிப்பு.

நாள் 212, காலை
தூசி குறைவு. காற்றழுத்தம் சீர். துளைப்பொறி ஓட்டும் நம்பிராஜன் வலி என்று வந்தார். புராஸ்டேட் புற்றுநோய் அறுவைக்குப் பின் பூமியில் ஆணுறுப்பில், நீர் ஏற்றி விறைப்பாக்கும் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர். விதைப்பைக்குள் உள்ள அதன் பம்ப் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிவப்பு, லேசான காய்ச்சல். தொற்று. ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கினேன்.

நாள் 214, காலை
சீழ். கருவியின்மேல் கிருமி படலமாகப் படிந்துவிட்டால் மருந்து உள்ளே போகாது. குழாய், பம்ப், நீர்ப்பை எல்லாவற்றையும் எடுத்துக் கழுவ வேண்டும். மாற்றி வைக்க இங்கே வேறு கருவி இல்லை. சொன்னேன்.

"கோமுகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன், டாக்டரம்மா."

கோமு அவர் மனைவி, தென்காசியில் இருக்கிறார். செய்தி அனுப்பினோம். அது போன கையோடு சூரியன் குறுக்கே வந்து பூமித் தொடர்பு அறுந்தது. எதிர்பார்த்ததுதான். இரண்டு வாரம் ஆகும்.

நாள் 217, மதியம்
காய்ச்சல் ஏறுகிறது. பதிலுக்குக் காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்றேன். புரிந்தது என்று தலையாட்டினார், ஆனால் சம்மதிக்கவில்லை. "இத வைக்கதுக்கு அவதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சா. அவளுக்குத் தெரியாம எடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திரும்பிப் போவேன்?" தெளிவாகத்தான் பேசுகிறார். தெளிவாகப் பேசும் மனிதரை மீறி நான் கத்தி எடுக்க முடியாது.

நாள் 219, காலை
நினைவு தப்பியது. இனி முடிவு என்னுடையது. திறந்தேன். எல்லாம் வெளியே. கழுவினேன். மறுபடி கழுவினேன். ரத்த அழுத்தம் ஏறவில்லை.

நாள் 220
நம்பிராஜன் இறந்தார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. காலிக் கட்டிலைக் கடக்கும்போது நாடி பார்க்கக் கை போகிறது.

நாள் 229
தொடர்பு திரும்பியது. முதலில் வந்தது கோமுவின் பதில். அன்றைக்கே அனுப்பியிருக்கிறார்.

"எடுத்துரச் சொல்லுங்க. இதுக்குப் போயி என்னயக் கேக்கணுமா? நீங்க உசுரோட வந்தா போதும்."

நாள் 229, பிறகு
இறப்புச் செய்தியை என் குரலிலேயே அனுப்பினேன். போய்ச் சேர இருபது நிமிடம். அவர் கேட்டது இங்கே தெரிய இன்னோர் இருபது. அதற்குள், இருபது நிமிடம் முன் அவர் பேசிய குரல் இங்கே வந்து சேர்கிறது. "என்னங்க, லைன் வந்துட்டாம்லா. காய்ச்சல் விட்டுச்சா?"

அணைக்க வேண்டும். முடியவில்லை. எதையோ சொல்லிச் சிரிக்கிறார். தலைக்கு எண்ணெய் வையுங்கள் என்கிறார். நான் சொன்னது இன்னும் போய்ச் சேரவில்லை.

"கேக்குதாங்க?"

கேட்கிறது. இன்னும் சில நிமிடம் அவருக்குத் தெரியாது.