பல் போனது, வலி போகவில்லை

யூன் 9, திங்கள்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து சுடச்சுட. கருவாடு ஒரே வெயிலில் காய்கிறது. வியாபாரத்துக்கு நல்ல காலம், உடம்புக்கு இல்லை. இடது கடைவாய்ப் பல்லை வெள்ளிக்கிழமை கழற்றியது. பல் இருந்த முரசு, ஈறு, இன்னும் கசிகிறது. பல் போனது, வலி போகவில்லை.

இன்று கவனித்தது: கடித்தால் வலிக்கவில்லை. மூதூரிலிருந்து வந்த கருவாட்டுச் சாக்கை உள்ளே இழுக்கும்போது வலித்தது, தாடையிலிருந்து தோள் வரை. சாக்கை விட்டுவிட்டுக் கதிரையில் இருந்தேன். போய்விட்டது. பல்வலி என்றால் இருந்தவுடன் போகுமா?

தெருவில் அலையும் மான்களில் ஒன்று கடை வாசலில் அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நின்றது. விரட்டவும் மனமில்லை. அப்படி ஒரு களைப்பு.

நாளை: வீட்டுக்காரருக்குக் கிளினிக். சரக்குக் கட்ட உரப்பை வாங்க. பின்பக்கக் கூரைத் தகரத்துக்கு ஆள் பிடிக்க.

யூன் 10, செவ்வாய்

அவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுக் குழாய் அடைபட்டு உள்ளே சுருள் வைத்தது. அன்று தொட்டு அவருக்கு உப்பில்லாத சட்டி, எனக்கு வேறு சட்டி. மருந்து, நடை, எல்லாவற்றுக்கும் நான் காவல். "என்ர பொலிஸ் பின்னால வருது" என்று தாதிமாரிடம் சொல்லிச் சிரிப்பார்.

கிளினிக் மாடியில். பாதிப் படியில் தாடை பிடித்தது. மேலே போய், தாடையைப் பொத்திக்கொண்டு வாங்கில் இருந்துவிட்டேன். டொக்டர் சின்னப் பெண், என் மகள் ஜெனியின் வயதுதான் இருக்கும். வீட்டுக்காரரின் கிளினிக் கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?"

"பல்லுக் கழட்டினது, டொக்டர்."

"படி ஏறினா பல்லுக் கொதிக்குமோ?"

பிறகு கல்யாணத் தரகர் மாதிரி விசாரணை. நித்திரை எவ்வளவு? (விடியமுன் மீன் ஏலத்துக்குப் போகிறவளுக்கு என்ன நித்திரை.) மாதவிடாய் எப்போது நின்றது? (நாற்பது ஆகமுன்.) முரசில் இரத்தம் வருமா? (வருஷக்கணக்காக.)

"பிள்ளை வயித்தில இருக்கேக்க பிரசர் இருந்ததோ?"

"ஓம், மகளுக்கு. கால் வீங்கி, கண் மங்கி, எட்டாம் மாசமே வெட்டி எடுத்தவை. பிள்ளை பிறக்க எல்லாம் நிண்டிட்டுது."

"பிரசர் நிண்டிருக்கும். ஆனா அப்பிடி இருந்த பொம்பிளையளுக்குப் பிறகு நெஞ்சு வருத்தம் வர இடம் கூடுதல். மாதவிடாய் வேளைக்கு நிக்கிறது, முரசு வருத்தம், நித்திரைக் குறைவு, இதுகளும் அதோட சேரும். ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"எனக்குச் சீனி வருத்தம் இல்லை. சிகரெட் பத்தினது இவர்."

பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்தார்.

ஈசிஜி பிழையில்லை. அது மட்டும் காணாதாம். வியாழன் மெசினில் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். நாக்குக்குக் கீழே வைக்க ஒரு குளிசை. சாக்குத் தூக்கக் கூடாது. வியாழன் சரக்கெடுக்க நசீர் நானாவின் லொறி வரும் நாள். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யூன் 11, புதன்

கிண்ணியாவிலிருந்து நசீர் நானா போன். எங்கள் சரக்கில் பாதி அவருக்குத்தான் போகிறது.

"அக்கா, நாளைக்கு நிக்கிறீங்கதானே? அண்ணனோட விலை கதைச்சா எனக்குத்தான் லாபம். எண்டாலும் பாவமாக் கிடக்கு."

நிற்பேன் என்றேன். வீட்டுக்காரருக்கு விலை பேச வராது.

சூரைக் கருவாட்டுச் சாக்கு பார்க்கும்போது நான் மேலே கிடப்பதைத் தொடுவதேயில்லை. கையை அடிவரை விட்டு ஒன்றை இழுத்து, ஓரத்தைக் கடித்துப் பார்ப்பேன். ஈரம் அடியில்தான் நிற்கும். வீட்டில் மட்டும் இரண்டு வருஷமாக அவரையே பார்த்து, மேல் கருவாட்டையே தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மத்தியானம் அன்புவழிபுரத்திலிருந்து மருமகன் போன் எடுத்தார். ஜெனிக்கு ஏழு மாதம். பிரசர் ஏறியிருக்கிறதாம், வரச் சொன்ன நாளில் கிளினிக் போகவில்லையாம். அவளைக் கூப்பிட்டு ஏசினேன்.

"நீங்கதானே அம்மா சொன்னனீங்கள், பெத்தா இறங்கீடும் எண்டு."

சொன்னதுதான். நேற்று வரை நானும் அதைத்தான் நம்பினேன். டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"நாளைக்கு மெசினுக்குப் போறீங்களோ?"

"லொறி வருது பிள்ளை. வாற கிழமை பாப்பம்."

"அப்ப நானும் வாற கிழமை போறன்."

என் பிள்ளைதான். எந்த இடத்தில் இறுக்கினால் ஆள் இறங்கும் என்று தெரிகிறது. ஓம் என்றேன். அவள் இன்றைக்கே போக வேண்டும், அது என் பக்கத்துப் பேச்சு. போனாள். ஆஸ்பத்திரி வாட்டிலேயே மறித்து வைத்துவிட்டார்கள். நிம்மதியா பயமா தெரியவில்லை.

தகரத்துக்கு ஆள் வரவில்லை.

யூன் 12, வியாழன்

லொறியை அவரிடம் விட்டாயிற்று.

மெசின்: ஓடுகிற ரப்பர் பாய். நெஞ்சில் வயர்கள். முதலில் சமதரை, பிறகு ஏற்றம். ஏற்றத்தில் பிடித்தது, கழற்றிய பல் இருந்த அதே இடத்தில். நல்ல பல்லை வீணாகக் கொடுத்திருக்கிறேன். சொல்லாமல் நடந்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தாதி மிஸ் தானே நிறுத்திவிட்டு, "அம்மா, இது போட்டியில்ல" என்றார்.

டொக்டர் தாளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. திங்கள் மட்டக்களப்பில் நெஞ்சுவரை குழாய் விட்டுப் பார்ப்பார்கள். அதுவரை கடைப்பக்கம் போகக் கூடாது.

அப்படியே வாட்டுக்கு. ஜெனியின் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது.

"என்னவாம்?"

"திங்கள் மட்டக்களப்பு."

கையைப் பிடித்தாள். "பிள்ளை பிறந்த பிறகும் கிளினிக்கை விடாதை" என்றேன். "வருஷா வருஷம் பிரசரைப் பார். நான் இருந்தாலும் இல்லாட்டிலும்."

"நீங்க இருந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

வீட்டுக்கு வந்தால் சரக்கு முழுக்கப் போயிருந்தது. விலை எழுதிய துண்டு மேசையில் கிடந்தது. விரித்துப் பார்க்காமல் அலுமாரியில் வைத்தேன்.

குசினியில் அவர் சமைத்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரே சட்டி. சோறு, பருப்பு, முருங்கைக்காய். ஒரு வாய் வைத்தேன். உப்பில்லாத சப்பு. இரண்டு வருஷமாக இந்த மனுஷன் இதைத்தான் ஒரு சொல் இல்லாமல் தின்றிருக்கிறார், பக்கத்தில் நான் கருவாட்டுக் குழம்போடு.

நிமிர்ந்து பார்த்தேன். பாதித் தேசிக்காயை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"சோத்தில புளிஞ்சு விடும். நான் அப்பிடித்தான் தின்னுறனான்."