முணுமுணுக்காத கம்பைலர்

இன்று மதியம் திரையில் ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை. அதைப் பார்த்ததும் உன் நினைவுதான் வந்தது.

அக்ரஹாரத்து மாடி அலுவலகத்தில், உன் நாற்காலியில் இப்போது சிந்து உட்காருகிறாள். கெட்டிக்காரி. நீ எழுதிய மருத்துவமனை மென்பொருளைப் புதிய கணினியில் கம்பைல் செய்ய மூன்று நாளாகப் போராடினாள். கன்னடமோ தமிழோ வரும் வரிகளில் எல்லாம், நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் நின்றது. இந்த எழுத்து எனக்குத் தெரியாது என்றது. கோப்புகளை, எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யுனிகோடாகப் படிக்கச் சொல்லும் அமைப்பு உன் கணினியில் மட்டுமே இருந்திருக்கிறது. அந்தக் கணினியைக் கழித்துக் கட்டியபோது யாருக்கும் அது தோன்றவில்லை.

"மேடம், நோடி, இங்க பாருங்க! நேத்து ராத்திரியே கிளீனா கம்பைல் ஆய்த்து. ஒரு வார்னிங்கூட இல்லை" என்றாள் சிந்து.

"என்ன செய்தாய்?"

"நெட்ல போட்டிருந்தாங்க. லத்தீன் எழுத்தா படின்னு சொன்னா எரரே வராதாம்."

வராதுதான். அந்தக் குறியீட்டில் எந்த பைட்டுக்கும் ஏதோ ஓர் எழுத்து உண்டு. எதைக் கொடுத்தாலும் விழுங்கிக்கொள்ளும், குப்பையாக.

நீ ஒருமுறை டீ டம்ளரைத் திரைமேல் நீட்டிச் சொன்னாய்: "அம்மிணி, முணுமுணுக்கற கம்பைலரை நம்பலாம். கம்முனு இருக்குது பாரு, அதுதான் ஆளை முழுங்கும்." "உனக்கு எதிலும் சாவுதான் தெரியும்" என்றேன். "கொள்ளேகால்ல இருந்து வந்தவளுக்கு ஆஸ்பத்திரி தூரம் தெரியும்டீ" என்று சிரித்தாய்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் உனக்கு ஒரு சடங்கு இருந்தது. உன் பெயரிலேயே ஒரு நோயாளியைப் பதிவு செய்வாய். குறிப்பில், தமிழ் பேசும் மார்டள்ளிச் செவிலியர்கள் எழுதுவதுபோல, 'பென்சிலின் அலர்ஜி' என்று தமிழில் அடிப்பாய். பிறகு அதே மருந்தை எழுதி, எச்சரிக்கும் சிவப்புக் கட்டம் வருகிறதா என்று காத்திருப்பாய். "இது என்னைக் கொல்லுதான்னு பாத்துட்டு அனுப்பலாம்." எனக்கு அது பிடிக்காது. மூடநம்பிக்கை மாதிரி இருக்கிறது என்பேன்.

உன் ஸ்கேன் அறிக்கையில் எல்லாம் நார்மல் என்று வந்த அன்றும் நீ நம்பவில்லை. "ஒண்ணுமில்லைங்கறாங்க. எங்க தேடுனாங்கன்னு கேக்கோணும்" என்றாய். அடுத்த மழைக்காலத்தில் நீ இல்லை.

இன்று உன் பெயரை நான் அடித்தேன். அலர்ஜி என்று தமிழில் எழுதினேன். பென்சிலின் கொடுத்தேன். சிவப்புக் கட்டம் வரவில்லை. 'மருந்து பதிவானது' என்று மட்டும் வந்தது. திரைச் சொற்கள் தனிக் கோப்பில் இருந்ததால் அவற்றில் ஒரு சிதைவும் இல்லை. சிந்து ஆங்கிலத்தில் சோதித்திருந்தாள். அதற்குக் கட்டம் வந்தது. குறிப்பில் எதைத் தேட வேண்டும் என்று நிரலுக்குள் எழுதியிருந்த தமிழ், கன்னடச் சொற்கள்தான் குப்பையாகிவிட்டன.

"யாருக்கும் அனுப்பவில்லையே?"

சிந்துவின் முகம் மாறியது. "டிரையலுக்கு... ஹனூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு மட்டும். காலைல போட்டுட்டாங்க மேடம்."

அங்கே தொலைபேசியை எடுத்த செவிலியர் நிதானமாகப் பேசினார். "இல்லீங் மேடம், ஒரு தொந்தரவும் இல்லீங். காலைல இருந்து செவப்பே வரலைங்க. இன்னைக்கு யாருக்கும் அலர்ஜி இல்லைன்னு நெனச்சோம்."

பழைய பதிப்பைத் திரும்பப் போட வைத்தேன். காலையிலிருந்து பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டவர்களை எல்லாம் போனில் கூப்பிடச் சொன்னேன். சிந்து கோப்புகளைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். நான் அவளைத் திட்டவில்லை.

உன் சந்தேகத்தை நான் உன் குணம் என்றே நினைத்திருந்தேன். இப்போது அது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது, இறக்கிவைக்க இடமில்லை. எல்லோரும் நலமாக இருக்கிறார்களாம், ஊசி போட்டுக்கொண்டதும் மார்டள்ளிப் பேருந்தில் ஏறிப்போன ஒரு பெண்ணைத் தவிர. அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவளுடைய போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.