கழுத்துக் குழாயும் வீட்டுச் சாவியும்

என் நெட்டைக்கொக்கே, என் செல்லத் தம்பி டேனிக்கு,

உன் சைக்கிளை வெட்டிவிட்டேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அம்மா உன் படத்துக்கு முன்னால் நின்று போட்டுக்கொடுத்துவிடுவாள்.

முழுச் சைக்கிளை இல்லை. பயப்படாதே. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலிருந்து ஹேண்டில்பார் வரை மேலே வருமே, அந்தக் கார்பன் குழாயை. "கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்துட்டு என் உயரத்துக்கு வெட்டிக்கறேன்க்கா. வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது" என்று சொல்லி முழு நீளத்தில் விட்டுவைத்திருந்தாய். அந்தக் கொஞ்ச நாள் உனக்கு வாய்க்கவில்லை. "ஜுரம்தானே, நானே போய்ட்டு வந்துடறேன்" என்று ஆட்டோவில் ஏறி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவன், பெட்டிக்குள்தான் திரும்பி வந்தாய்.

அன்றிலிருந்து அம்மா வாசல் கதவை உள்ளே பூட்டுகிறாள். சாவியை நாடாவில் கோத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். காலையில் தெருமுனை வரை வந்து என்னைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றுகிறாள். சாயங்காலம் அதே இடத்தில் நின்று இறக்கிக்கொள்கிறாள். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் ஹாலே என் ஒரு சொல்லுக்கு நிற்கும். வீட்டிலோ, ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பினால் மறுநாள் பஸ் வரும்வரை நான் கைதி. காய் வாங்கப் போனாலும் வெளியே பூட்டிக்கொண்டுதான் போகிறாள். சண்டை போட்டால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். சொன்னபடியே சாப்பிடாமலும் இருக்கிறாள். நான் என்ன செய்யட்டும், சொல்? நீ பாட்டுக்குப் போய்விட்டாய். எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது டேனி.

சைக்கிள் முன் அறையில்தான் நிற்கிறது. அதைத் தாண்டிப் போக நாங்கள் இருவரும் ஒருக்களித்து நடக்கிறோம். ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஞாயித்துக்கிழமைல நான் இத கொஞ்சம் ஓட்டட்டுமாம்மா?" மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. "உனக்கு எங்கடி எட்டும்? அது அவன் உயரம். எட்டட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றாள்.

எட்டட்டும் என்றாளா, எனக்கு அது போதும்.

ஹேண்டில்பாருக்கு அடியில் நீ அடுக்கியிருந்த கறுப்பு வாஷர்களை எடுத்து மேலே மாட்டினேன். ஹேண்டில்பார் இறங்கிவிட்டது. ஆனால் குழாய் புகைபோக்கி மாதிரி மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அறைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து குனிந்தேன், நெஞ்செலும்பில் இடித்தது. "குத்துதா? வேணாம், விட்டுடு" என்றாள் அம்மா. அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வெட்டுவது என்று முடிவு செய்தேன்.

கம்பெனி மெக்கானிக்கிடம் பல் நெருக்கமான ரம்பம் ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். ஞாயிறு மத்தியானம் ஃபோர்க்கைக் கழற்றி ஸ்டூலோடு சேர்த்து இறுக்கி, குழாயில் டேப் சுற்றி, கோடு போட்டு, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ரம்பம் பட்டதும் அம்மா சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"அவன் கழுத்த அறுக்காதடி."

"கழுத்து இல்லம்மா. கொழா."

"உனக்குக் கொழா."

என் கை நின்றுவிட்டது. அப்புறம் அவளே ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "தூசி பறக்குது பாரு. மூச்சுல போனா பேஜார்" என்று சொல்லிச் சொல்லி ரம்பத்தின் மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். தரையெல்லாம் கறுப்புத் தண்ணீர். துண்டு விழுந்ததும் முந்தானையில் துடைத்து, உன் படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

இனி நீ சிரிக்கப்போகிற இடம். எல்லாவற்றையும் மாட்டி, முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டினால் டக் டக் என்கிறது. குழாய் கொஞ்சம் குள்ளமாக இருந்தால்தானே மேல்மூடி ஹேண்டில்பாரின் கவ்வியை அழுத்திப் பிடிக்கும்? நானோ கோட்டுக்கு மேலே தள்ளி வெட்டியிருக்கிறேன். தோலில் மடிக்கவும் தைக்கவும் மார்ஜின் விட்டுவிட்டுப் பழகிய கை. கார்பனை யார் மடித்துத் தைக்கப்போகிறார்கள்?

"திரும்பவுமா?" என்றாள் அம்மா. ஆனாலும் சொம்பை எடுத்து வந்தாள்.

இந்த முறை விழுந்தது ஒரு வளையம்தான், மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரியது. கையைக் கிழிக்காமல் இருக்க அதன் ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்து அவளிடம் கொடுத்தேன். திரும்ப மாட்டினேன். ஆட்டமில்லை, சத்தமில்லை. ஏறி உட்கார்ந்தேன். கை தானாகப் போய் ஹேண்டில்பாரில் நின்றது. எனக்காகவே செய்தது மாதிரி இருந்தது.

"எட்டுதும்மா" என்றேன்.

அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். நான் ஒரு காலைப் பெடலில் வைத்தேன். அவள் நாடாவை அவிழ்த்து, அந்த வளையத்தைச் சாவியோடு சேர்த்துக் கோத்து, முடிச்சுப் போட்டு, மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி. அப்பறம் பாக்கலாம்."

பூட்டிய அறையில், எனக்குக் கச்சிதமாகப் பொருந்திய சைக்கிளின் மேல், ஒரு காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தேன். அவள் சமையல்கட்டுக்குள் நடக்க நடக்க, நீ சாவியில் உரசுகிற சத்தம் கேட்டது. உன்னையும் எனக்குப் பூட்டாக்கிவிட்டாளே, அவளை நான் எப்படித் திட்டுவது?

ஏலகிரி மலைக்குச் சைக்கிளில் ஒன்றாக ஏறலாம் என்று சொல்லியிருந்தாய். அவ்வளவு தூரத்துக்கு இப்போது நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இதற்குக் கொடுக்கிறேன்: அந்தச் சாவியைத் திருட மாட்டேன், அவள் தூங்கும்போது எடுக்க மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராகக் கையை நீட்டுவேன். அவளே அவிழ்த்துக் கொடுக்கும்வரை நீட்டுவேன். தெருமுனைக்குப் போய், அவள் கண்ணெதிரே திரும்பி வருவேன். போன பிள்ளை திரும்பி வரும் என்பதை அவள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் டேனி.

உன் உயரத்தைக் குறைத்தவள்,
உன் கூடப் பிறந்த எஸ்தர் அக்கா