உன் பெயரில் வந்த அழைப்பு

இன்று காலை நீ என்னை நட்புக்கு அழைத்திருந்தாய். பெரம்பலூர் ஆபீசுக்குப் போக ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் போனை எடுத்தேன். வெளியே முந்திரித் தோப்புகள் பூத்திருந்தன. அந்த வாசனைக்கு எனக்கு எப்போதும் பாதிக் கண் சொருகிவிடும், உனக்குத் தெரியும். திரையில் உன் முகம். கீழே உன் பெயர். ‘ஏற்றுக்கொள்’ என்று ஒரு நீலப் பொத்தான்.

நீ காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகிறது. அது எனக்குத் தெரியாதா என்ன? இருந்தும் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. தொட்டால் பேசிவிடுவாய் என்று மனம் நம்பத் தொடங்கிவிட்டது. பஸ் எந்தெந்த ஊரைத் தாண்டியது என்றே தெரியவில்லை.

பிறகுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். கங்கைகொண்ட சோழபுரம் கோயில் புல்வெளியில் எடுத்தது. உன் தோளில் ஒரு கை இருக்கிறது, கைக்குரியவள் இல்லை. அந்தக் கையில் கிடக்கும் பச்சை வளையல் என்னுடையது. யாரோ என்னை வெட்டிவிட்டு உன்னை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

நம் காலேஜ் முதல் வருடம் இப்படித்தானே தொடங்கியது. எங்கள் வீட்டில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் நான். புது பஸ் பாஸ் கைக்கு வந்ததும் தலைகால் புரியாமல், அதைப் படம் எடுத்து ஊரே பார்க்கட்டும் என்று போட்டுவிட்டேன். முகம், பெயர், தா.பழூர் பக்கத்து எங்கள் ஊர், படிக்கும் காலேஜ், எல்லாம் ஒரே அட்டையில். ஒரே மாதத்தில் என் முகத்தோடு இன்னொருத்தி உலவினாள். வகுப்புப் பையன்களுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி அனுப்பினாள். விஷயம் அப்பா காதுக்குப் போயிற்று.

“நாளையிலேர்ந்து காலேஜும் வேணாம், போனும் வேணாம்” என்று முடித்துவிட்டார்.

நீ டவுன் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தாய். அழுகையோடு அந்தச் செய்திகளை அழிக்கப்போன என் கையைப் பிடித்து, “அழிச்சுடாதடி, அதான் சாட்சி” என்றாய். அப்புறம் அப்பாவிடம் போனாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

“தப்பு பண்ணுனவன் எங்கயோ ஒக்காந்திருக்கான்ப்பா. நீங்க இவள வூட்டுல ஒக்கார வெக்கிறீங்களே. வாங்க, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வந்துடலாம்.”

அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். நான் டிகிரி வாங்கியது அந்தச் சட்டையால்தான் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அதன்பின் பஸ்ஸில் உனக்கு இதே வேலை. என் போனைப் பிடுங்கி, வெளியாள் பார்க்க முடியாதபடி படங்களை ஒவ்வொன்றாகப் பூட்டுவாய். போலீஸம்மா என்று கேலி செய்தால் தலையில் குட்டுவாய். “தெரிஞ்ச பேர்ல வந்தாலும் ஒரு தடவ போன் போட்டுக் கேட்டுக்கடி” என்பாய்.

கேட்டேன். இன்று உன் எண்ணுக்கே போட்டேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது ஒரு குரல். சட்டென்று உன் அம்மா நினைவு வந்தது. அரைத்தூக்கம் முழுதாகக் கலைந்துவிட்டது. உடனே அவருக்குப் போட்டேன்.

“எனக்கும் வந்துச்சு கண்ணு. அவ மொகத்தப் பாத்ததும் கை தானா அமுத்திடுச்சு. சாப்டியான்னு கேட்டிருக்கு. என்ன சொல்றதுன்னு தெரியாம வெச்சிருக்கேன்” என்றார்.

“அது நம்ம புள்ள இல்லம்மா. எதுவும் சொல்லாதீங்க. நான் புகார் குடுத்துடறேன்.”

“குடுத்தா அந்த மொகமும் போயிடுமா?” என்று கேட்டார்.

“வெட்டாத படம் என்கிட்ட இருக்கும்மா. சாயங்காலம் கொண்டாரேன்.”

திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன், நீ சொன்னபடி. பிறகு புகார் பக்கத்தைத் திறந்தேன். இவர் யாரைப் போல நடிக்கிறார் என்று கேட்டது. ‘என் தோழி’ என்பதைத் தொட்டேன்.

மாலை உன் வீட்டுக்குப் போகிறேன். படத்தில் நாம் இரண்டு பேரும் இருக்கிறோம்.