குளிர் அறைக்கு நான் சொன்ன குறிப்பு

பெரியவளின் அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

ஒன்று சொல்கிறேன், பதறக் கூடாது. எங்கள் கிடங்கில் கதவு, விளக்கு எல்லாம் இப்போது கம்ப்யூட்டர் மூளையின் கையில். எந்தக் கருவி எதற்கு என்று எழுதிவைத்த குறிப்பைப் படித்துத்தான் அது வேலை செய்யும். போன வாரம் நான் குளிர் அறைக்குள் பெட்டி அடுக்கும்போது அது கதவைப் பூட்டிவிட்டது. உள்ளே இருந்த அபாய மணியை அடித்தேன், பத்து நிமிடத்தில் திறந்தார்கள். மூக்குதான் தக்காளி மாதிரி ஆகிவிட்டது.

குறிப்பு எழுதிய இன்ஜினியர் பெண் ஓடிவந்தாள். பூட்டுக் கருவிக்கு "கதவைப் பூட்டும்" என்று மட்டும் எழுதியிருந்தாளாம்.

"அக்கா, புது ஆளுக்கு நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"உள்ள யாராவது இருக்கீங்களான்னு கேளு, எட்டியும் பாரு, அப்புறம் பூட்டுன்னு சொல்வேன். இதுக்குப் படிக்கணுமாம்மா?"

அப்படியே எழுதினாள். பிறகு சோதனை. உள்ளே நான்தான் நின்றேன்; சாவியோடு ஆள் வெளியே இருந்தார், திட்டாதீர்கள். பழைய குறிப்புக்கு இருபது சோதனையில் பதினோரு தடவை பூட்டியது. என் குறிப்புக்கு ஒரு தடவைகூட இல்லை. அப்பாடா என்றிருந்தது.

இப்போது தினமும் ஒலிபெருக்கியில், "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கிறது. "இருக்கேன், இருக்கேன்" என்று கத்துகிறேன். நாள் முழுக்க என்னை விசாரிப்பது அது ஒன்றுதான்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். நான் போன் செய்தால் உடனே சின்னவளிடம் கொடுத்துவிடாமல் நீங்களும் கொஞ்சம் பேசுங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.